ஓடிப்போன மட்டிகள்

நேப்பிள்ஸ் நகரத்து வீடுகளில் வழங்கும் ஓர் உணவைப் பற்றி முதலிற் சொல்லிவிடுவோம். கோதுமை மாவினாற் செய்த நீண்ட இழைகளை உப்புநீரில் அவித்து எடுப்பர். ஒலிவ எண்ணெயில் உள்ளியை வதக்கி, சிறு தக்காளிகளை அதில் நசுக்கி, பார்சிலி இலையை அரிந்து தூவி, எல்லாவற்றையும் ஒன்றாகப் பிரட்டுவர். இதற்கு அந்நகர மக்கள் இட்ட பெயர் ‘ஓடிப்போன மட்டிகளுடன் ஸ்பகெற்றி’ என்பதாகும். தட்டை எவ்வளவுதான் கிளறினாலும் அதில் ஒரு மட்டியேனும் அகப்படாது. மட்டி வாங்கக் காசில்லாத வீட்டுத் தலைவி, மட்டியுடன் சேர்க்க வேண்டிய மற்றெல்லாவற்றையும் சேர்த்துச் சமைத்துவிட்டு, மட்டிகள் மாத்திரம் சட்டியிலிருந்து தப்பி ஓடிவிட்டன என்று சொல்லிப் பரிமாறினாள் போலும்!

வறுமையை மறைப்பதற்கு அழுகையினும் சிரிப்பே சிறந்த போர்வை என்பதை அறிந்த நகரம் அது. இன்று அந்நகரின் உணவையும் மதுவையும் சுவைப்பதற்கென்றே உலகின் பல பாகங்களிலிருந்தும் மக்கள் செல்கின்றனர். காலையிற் கூடி, ஒழுங்கை ஒழுங்கையாக நடந்து, கடைக்குக் கடை நின்று உண்டு, பிற்பகலில் எரிமலையின் அடிவாரத்துத் திராட்சைத் தோட்டத்தில் முடியும் சுற்றுலாக்கள் அங்கே பல உள. அத்தகைய குழுவொன்றில் நாமும் சேர்ந்து நடந்தோம். வழிகாட்டியாக வந்த அம்மையார் ஐம்பது வயதைக் கடந்தவர். பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியப் படைவீரர் தங்குவதற்காக எழுந்த ‘ஸ்பானியக் குடியிருப்பு’ என்னும் நெருக்கமான பகுதியிற் பிறந்து வளர்ந்தவர். அவர் காட்டியவற்றையும் நாம் கற்றவற்றையும் சேர்த்து இவ்வாரம் எழுதுகிறோம்.

இலை தின்றவர்கள்

‘நாப்பொலி’ என்று இத்தாலியர் அழைக்கும் இந்நகர் கிரேக்கர் அமைத்தது. ‘புதிய நகர்’ என்பதே அப்பெயரின் பொருள். அந்தப் ‘புதிய’ நகருக்கு இப்பொழுது ஏறத்தாழ 2500 வயது. கிரேக்கர் வகுத்த நேர்கோட்டு வீதிகளிலேதான் இன்றும் மக்கள் நடக்கின்றனர்.

நம் நடை பிஞ்ஞாசெக்கா என்னும் சந்தையில் தொடங்கியது. நீர் ததும்பும் தட்டங்களில் மட்டிகள் வாய் திறந்து மூடிக்கொண்டிருந்தன. ஓரிடத்தில் நெத்தலியையும் கணவாயையும் மாவிற் புரட்டிப் பொரித்து, நம் ஊர்ச் சந்தையிற் கச்சான் சுருட்டித் தருவதைப் போலக் கடதாசிக் கூம்பில் இட்டுக் கொடுத்தனர். மற்றோரிடத்தில் பன்றியின் காலும் கன்றின் மூஞ்சியும் அவித்து ஆறவைக்கப்பட்டிருந்தன. கடைக்காரர் அவற்றைச் சிறு துண்டுகளாக அரிந்து, தேசிக்காய் பிழிந்து, மாட்டுக் கொம்பொன்றைக் குலுக்கி அதனுள்ளிருந்த உப்பைத் தூவினார்.

‘காலும் மூஞ்சியும் ஏன்?’ என்று எம்முடன் வந்த மாணவர் ஒருவர் கேட்டார்.

‘நடுவிலுள்ள இறைச்சி யார் வீட்டுக்குப் போயிற்று என்று கேளுங்கள், தம்பி’ என்றார் வழிகாட்டி.

விடை வரலாற்றில் இருக்கிறது. 1768இல் நேப்பிள்ஸ் மன்னன் நான்காம் பெர்டினாந்து ஆஸ்திரிய இளவரசி மரியா கரோலினாவை மணந்தான். அதன்பின் பிரபுக்களின் மாளிகைகளிற் பிரெஞ்சுச் சமையற்காரரை அமர்த்துவது நாகரிகமாயிற்று. ‘மொஸ்யே’ என்னும் பிரெஞ்சு மரியாதைச் சொல்லை ‘மொன்சூ’ என்று திரித்து அவர்களை நகரமக்கள் அழைத்தனர். நல்ல இறைச்சி மொன்சூவின் சட்டிக்குப் போயிற்று. குடலும் காலும் தலையும் வாயிலுக்கு வெளியே காத்திருந்தவர்களுக்குக் கிடைத்தன. காத்திருந்தவர்கள் அவற்றைக் கொண்டுபோய்த் தமக்கென ஒரு சமையற்கலையையே ஆக்கிக்கொண்டனர்.

மக்கரோனி முதலிய மாவுணவுகளின் கதையும் இத்தகையதே. ஒரு காலத்தில் நேப்பிள்ஸ் மக்களை ‘இலை தின்னிகள்’ என்று பிறர் ஏளனஞ் செய்தனர். கோவாவும் கீரையும் சிறிது இறைச்சியுமே அவர்களுடைய உணவு. பதினேழாம் நூற்றாண்டில் நகரின் சனத்தொகை பெருகிற்று, இறைச்சி போதவில்லை. அதே காலத்தில் மாப் பிசையும் பொறியும் மாவைத் துளைவழி அழுத்தி இழையாக்கும் பொறியும் பரவியமையால் அவ்வுணவு மலிவாயிற்று. ‘இலை தின்னிகள்’ ‘மக்கரோனி தின்னிகள்’ ஆயினர். வீதியோரத்தில் நின்று, துருவிய பாற்கட்டியைத் தூவி, தலையை அண்ணாந்து கையாலேயே உண்டனர். தக்காளி அதனுடன் சேர்ந்தது பிற்காலத்திலேதான். அமெரிக்காவிலிருந்து வந்த அக்காயைக் கொண்டு குழம்பு வைக்கும் முறையை அந்தோனியோ லாத்தினி என்பார் 1692இல் நேப்பிள்சில் அச்சிட்ட நூலிற் காண்கிறோம். இழைமாவுடன் தக்காளி சேரும் பக்குவத்தை இப்போலித்தோ கவல்காந்தியின் 1839ஆம் ஆண்டு நூலிற் காண்கிறோம். இன்று தக்காளியில்லாத இத்தாலியச் சமையலை நம்மால் எண்ணிப் பார்க்கவும் முடிவதில்லை!

இன்று உண்டு எட்டாம் நாள் கொடு

நண்பகலில் ஒரு பீட்சாக் கடைக்குள் நுழைந்தோம். விறகு எரியும் வளைமுகட்டு அடுப்பைக் கண்டதும் நம் ஊர்ப் பாண் போறணை நினைவுக்கு வந்தது. ‘போறணை’ என்பது போர்த்துக்கேயர் நமக்கு விட்டுச் சென்ற சொல். இத்தாலியர் அடுப்பை ‘போர்னோ’ என்பர். இரண்டிற்கும் இலத்தீனே தாய்.

மா, நீர், உப்பு, நொதி ஆகிய நான்கே பொருள்கள். பல மணி நேரம் பொங்கிய உருண்டையைக் கையால் மட்டுமே தட்டி விரிக்கின்றனர். அடுப்பின் வெப்பம் ஏறத்தாழ 485 பாகை. ஒன்றரை நிமிடத்துக்குள் வெந்துவிடுகிறது. இக்கைத்திறனை 2017இல் யுனெஸ்கோ நிறுவனம் மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பதிவு செய்தது. 1889இல் அரசி மார்கரீத்தா இந்நகருக்கு வந்தபோது, தக்காளியின் சிவப்பும் பாற்கட்டியின் வெண்மையும் துளசியினத்து இலையின் பச்சையும் இத்தாலியக் கொடியின் நிறங்களாகத் தோன்றச் சமைத்து, அவர் பெயரையே அதற்குச் சூட்டினர் என்று கதையுண்டு. அக்கதையை ஐயுறும் ஆய்வாளரும் உளர். ஐயமில்லாத ஒன்று உண்டு: அரசி உண்பதற்கு நெடுங்காலம் முன்பே அது ஏழைகளின் உணவாக இருந்தது. தகரப் பேழையில் இட்டுத் தலையிற் சுமந்து சிறுவர்கள் அதனை வீதியில் விற்றனர்.

ஆயினும் வழிகாட்டி அம்மையார் எமக்கு முதலில் உண்ணத் தந்தது அடுப்பில் வெந்த பீட்சாவன்று, எண்ணெயிற் பொரித்தது. அதைத் தரும்போது அவருடைய குரல் சற்று மாறிற்று.

1943 செப்டெம்பர் 27 முதல் 30 வரை நேப்பிள்ஸ் மக்கள் தாமாகவே கிளர்ந்தெழுந்து நகரைப் பிடித்திருந்த ஜேர்மன் படையை எதிர்த்துப் போராடினர். ஒக்டோபர் 1ஆம் திகதி நேசப் படைகள் உள்ளே வந்தன. குண்டு வீச்சால் நகரம் சிதைந்து கிடந்தது. நீரில்லை, மாவில்லை, வேலையில்லை. அடுத்த மார்ச்சில் வெசூவியஸ் எரிமலையும் நெருப்பைக் கக்கிற்று. அக்காலத்திற் பெண்கள் வீட்டு வாயிலில் ஒரு சட்டி எண்ணெயை வைத்துக்கொண்டு, கிடைத்த மாவைத் தட்டிப் பொரித்து விற்றனர். பெரிய அடுப்பு வேண்டியதில்லை. பாற்கட்டி வாங்க முடியாவிடினும் மா பொங்கி உப்பி வயிறு நிறைந்ததுபோற் காட்டும். வாங்குவோர் கையிற் காசிராது. ஆகவே ‘இன்று உண்டு எட்டாம் நாள் கொடு’ என்பது அவ்வியாபாரத்தின் விதியாயிற்று. 1954இல் விற்றோரியோ தே சீக்கா எடுத்த ‘நாப்பொலியின் பொன்’ என்னும் திரைப்படத்தில் சோபியா லோரன் கடனுக்குப் பீட்சா விற்கும் பெண்ணாக நடித்ததைப் பலர் அறிவர்.

‘என் பாட்டியும் அப்படி விற்றவர்தாம்’ என்றார் அம்மையார்.

‘கடனைக் கொப்பியில் எழுதி வைத்திருந்தாரா?’ என்று கேட்டோம்.

‘அவருக்கு எழுதத் தெரியாது, ஐயா. முகங்கள்தாம் அவருக்குக் கணக்கு.’

‘எட்டாம் நாள் கொடுக்காதவர்கள்?’

‘இருந்தார்கள். ஒன்பதாம் நாளும் வந்தார்கள். பாட்டி கொடுத்தார். அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருந்தார்களே!’

எம் கையிலிருந்த பொரித்த மா அதன்பின் வேறொரு சுவையுடையதாயிற்று.

சாம்பலில் முளைத்த கொடி

பிற்பகலில் வண்டியொன்றில் ஏறி வெசூவியஸ் மலையடிவாரத்துக்குச் சென்றோம். மது நம் வீடுகளிற் பலவற்றிற்கு அந்நியமான பொருள். அது கெடுத்த குடும்பங்களையும் நாம் அறிவோம். அங்கோ அது உணவு மேசையில் நீர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு பொருள். ஒரு சிறு கிண்ணத்தை அரைமணி நேரம் வைத்து, உண்ட உணவுக்கு ஏற்பச் சிறிது சிறிதாகப் பருகுகின்றனர். எம் குழுவில் இருவர் தண்ணீரே போதுமென்றனர். எவரும் அவர்களை வற்புறுத்தவில்லை.

தோட்டத்து மண் கருமையானது. எரிமலை கக்கிய சாம்பலும் மணலுமே மண்ணாகியிருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து வந்த ஒருவகை வேர்ப்பேன் ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை அழித்தது. அதன்பின் பெரும்பாலான நாடுகளில் அமெரிக்கக் கொடியின் வேரில் ஒட்டுக் கட்டியே திராட்சையை வளர்க்கின்றனர். எரிமலை மணலில் அப்பேன் பெருக முடிவதில்லை. ஆகவே இங்கே சில கொடிகள் இன்றும் தம் சொந்த வேரிலேயே நிற்கின்றன. ஊரை அழிக்கும் மலையே கொடியைக் காக்கின்றது! புறாவின் சிவந்த காலை ஒத்த காம்புடையதாதலால் ‘செங்கால்’ எனப் பொருள்படும் பெயர் கொண்ட ‘பியெதிரோசோ’ இங்குள்ள கருந்திராட்சை. இம்மலையின் மதுவுக்கு ‘கிறிஸ்துவின் கண்ணீர்’ என்று பெயர். வீழ்ந்த தேவதூதன் விண்ணுலகின் ஒரு துண்டைத் திருடி இங்கே போட்டான் என்றும், அதைக் கண்ட கிறிஸ்து அழுத கண்ணீர் விழுந்த இடத்தில் இக்கொடி முளைத்தது என்றும் மக்கள் கதை சொல்வர்.

மலையின் மறுபுறத்தே பொம்பேயி நகரம் கிடக்கிறது. கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் அது புதைந்ததை மாணவர்கள் பாடத்திற் படித்திருப்பர். அங்கே மாட்டுச் சந்தை என்று முன்னர் எண்ணப்பட்ட ஒரு நிலத்தை வில்ஹெல்மினா ஜஷெம்ஸ்கி என்னும் அமெரிக்க அறிஞர் 1966 முதல் ஆராய்ந்தார். வேர்கள் மக்கியதால் ஏற்பட்ட குழிகள் 2000க்கு மேல் அங்கே காணப்பட்டன. அது சந்தையன்று, திராட்சைத் தோட்டம் என்பது அதனால் தெளிவாயிற்று. 2020 டிசம்பரில் அந்நகரத்து உணவுக்கடை ஒன்று முழுமையாகத் தோண்டி வெளிப்படுத்தப்பட்ட செய்தி வந்தது. அதன் மேடையிற் பதித்த சாடிகளில் வாத்து, ஆடு, பன்றி, மீன், நத்தை ஆகியவற்றின் எச்சங்கள் கிடைத்தன. வீட்டில் அடுப்பு மூட்ட வசதியில்லாதவர்கள் அத்தகைய கடைகளில் நின்றே உண்டனர். பிஞ்ஞாசெக்காச் சந்தையில் நாம் நின்று உண்டதற்கும் அதற்கும் இடையே 1900 ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலம் கிடக்கின்றது. கூட்டமும் இரைச்சலும் அதிகம் மாறியிரா.

நம் நாட்டுக்கும் இவ்விரிகுடாவுக்கும் பழந்தொடர்பு உண்டு. பொத்சுவோலி என்று இன்று வழங்கும் பக்கத்துத் துறைமுகம் உரோமர் காலத்திற் பெரும் வாணிகத் துறையாக விளங்கிற்று. நம் கடல்களைக் கடந்து அலெக்சாந்திரியா வழியாகச் சென்ற மிளகு உரோமரின் சட்டியில் வீழ்ந்தது. மறுதிசையில், இந்த விரிகுடாவை அடுத்த கம்பானியா நாட்டு மதுச் சாடிகளின் உடைசல்கள் அரிக்கமேட்டிற் கிடைத்துள்ளன. யவனர் கொணர்ந்த மதுவைச் சங்கப் புலவரும் அறிந்திருந்தனர். பொம்பேயியில் 1938இற் கண்டெடுத்த யானைத் தந்தத்தாலான இந்தியப் பாவையொன்று நேப்பிள்ஸ் நூதனசாலையில் இருக்கின்றது. ‘தப்ரபேன்’ என்று இலங்கையைப் பற்றியும், இத்தாலிய மதுவகைகளைப் பற்றியும் ஒரே நூலில் எழுதி வைத்த மூத்த பிளினி இவ்விரிகுடாவிலேயே கடற்படைத் தலைவராக இருந்தவர். எரிமலை வெடித்தபோது கரையில் அகப்பட்டவர்களை மீட்கக் கப்பல்களைச் செலுத்திச் சென்று, அக்கரையிலேயே உயிர் துறந்தார்.

வாயிலில் இருந்த பெட்டி

மாலையில் நகருக்குத் திரும்பி ஒரு கோப்பிக்கடையில் நின்றோம். குழுவில் ஒருவர் ஒரு கோப்பி குடித்து இரண்டிற்குக் காசு கொடுத்தார். மற்றது, காசில்லாமல் வரும் எவரேனும் ஒருவருக்கு. ‘நிறுத்தி வைத்த கோப்பி’ என்று அதற்குப் பெயர். கொடுத்தவர் யார் என்பதைக் குடிப்பவர் அறியார். குடித்தவர் யார் என்பதைக் கொடுத்தவரும் அறியார். மறைந்துகொண்டிருந்த இவ்வழக்கம் அண்மைக் காலத்தில் மீண்டும் உயிர்பெற்றுப் பிற நாடுகளுக்கும் பரவியுள்ளது.

பிரியும் வேளையில் அம்மையார் எம்மைத் தம் பாட்டி எண்ணெய்ச் சட்டி வைத்திருந்த வாயிலுக்கு அழைத்துச் சென்றார். வீதி மட்டத்திலுள்ள ஓரறை வீடு. அத்தகைய அறைகளிற் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தன. கதவு புதிதாக வர்ணம் பூசப்பட்டிருந்தது. நிலையிற் சிறியதோர் இரும்புப் பெட்டி. எண்களை அழுத்தினால் திறந்து சாவியைத் தரும்.

‘வாரத்துக்கு மூன்று குடும்பங்கள் வந்து தங்குகின்றன. எவரையும் எனக்குத் தெரியாது’ என்றார். ‘என் மகளுக்கு இந்த ஒழுங்கையில் வாடகைக்கு ஓர் அறை கிடைக்கவில்லை. நகரத்துக்கு வெளியே போய்விட்டாள். எங்கள் சமையலைச் சுவைக்க வருகிறவர்களுக்கு இடம் விட்டு, சமைத்தவர்கள் போகிறோம். நான் குறை சொல்லவில்லை, ஐயா. நானும் இந்தச் சுற்றுலாவினாலேதான் பிழைக்கிறேன்.’

நாம் மறுமொழி கூறவில்லை. அந்நகரில் நாம் தங்கியிருந்ததும் அத்தகையதோர் அறையிலேதான். அதன் சாவியையும் ஒரு பெட்டியிலிருந்தே எடுத்தோம்.

அவ்வீட்டின் மாடியில் மூதாட்டி ஒருவர் இன்னும் குடியிருந்தார். அவரைப் பராமரிப்பவர் சிலாபம் பக்கத்துச் சிங்களப் பெண்மணி. நேப்பிள்சில் ஆயிரக்கணக்கான இலங்கையர் வாழ்கின்றனர்; பலர் வீட்டுப்பணி செய்தும் முதியோரைப் பராமரித்தும் பிழைப்பவர்கள். படியில் எம்மைக் கண்டதும் நம் நாட்டவர் என அறிந்து, பாதி தமிழும் பாதி சிங்களமுமாகப் பேசி, மேலே வந்து உண்ணும்படி அழைத்தார். மூதாட்டியின் குசினியில் (அச்சொல்லும் போர்த்துக்கேயர் தந்ததே, இத்தாலியரோ ‘குச்சீனா’ என்பர்) அவர் பரிமாறியது எது என்பதை வாசகர் ஊகித்திருப்பர். உள்ளி, தக்காளி, பார்சிலி. மட்டி மட்டும் இல்லை. மூதாட்டி தட்டை எட்டிப் பார்த்து, ‘இன்றும் ஓடிவிட்டனவா?’ என்று கேட்டுச் சிரித்தார்.

கையலம்பும்போது அப்பெண்மணி தாழ்ந்த குரலிற் சொன்னார்: வீட்டுக்காரர் வருட முடிவில் மாடியையும் விடச் சொல்லியிருக்கிறார். மூதாட்டிக்கு அதனை இன்னும் எவரும் சொல்லவில்லை.

சுற்றுலா தீதென்று நாம் கூறவரவில்லை. பிற நாட்டார் உணவை மதித்து உண்பது அவர்களை மதிப்பதன் தொடக்கமே. ஆனால் அது தொடக்கம் மட்டுமே. ஓர் ஊருக்குச் சென்று அதன் உணவைப் புகழ்ந்துவிட்டு வருபவர், அதைச் சமைத்தவர் எங்கே குடியிருக்கிறார் என்பதையும் கேட்டறிய வேண்டும். எவர் வெளியேறிய அறையில் நாம் உறங்குகிறோம் என்பதையும் கேட்க வேண்டும். அடுத்த முறை நாம் முதலிற் கேட்கப்போகும் கேள்வி அதுவே. நேப்பிள்ஸ் தாய்மாரின் சட்டியிலிருந்து அன்று ஓடிப்போனவை மட்டிகள். அதைச் சொல்லிச் சிரிக்க முடிந்தது. இன்று அந்த ஒழுங்கைகளிலிருந்து போய்க்கொண்டிருப்பவர்கள் அத்தாய்மாரின் பிள்ளைகள்.